பாதியில் கரண்ட் போனால் மின்சாரக் கார் என்ன ஆகும்?

பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். வாசலில் நிற்கும் மின்சாரக் காருக்குப் புதிய மென்பொருள் அப்டேட் வந்திருப்பதாகக் கைப்பேசி காட்ட, படுக்கப் போகும் முன் இவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் இடியோடு மழை. தாமான் குடியிருப்பு முழுக்க இருட்டு. "ஐயா, அன்று இரவு நான் தூங்கவே இல்லை. ஒன்றரை லட்சம் ரிங்கிட் கார். அப்டேட் பாதியில் நின்றால் கார் செத்துவிடும்தானே?"

காலையில் கார் வழக்கம்போல ஓடியது. 'அப்டேட் நிறைவடையவில்லை' என்று ஒரு வரி மட்டும் திரையில் இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி முயன்றபோது ஒழுங்காக முடிந்தது. ஆனால் முழு சார்ஜில் 412 கிலோமீட்டர் காட்டிய கார் இப்போது 396 காட்டுகிறதாம். "அந்த 16 கிலோமீட்டரை யார் எடுத்தது?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அன்று இரவு நின்றுபோனது கார் இல்லை, வீட்டு வைஃபை. அப்டேட் என்பது இரண்டு தனித்தனி வேலை. முதலில் கோப்பு இறங்க வேண்டும், அப்புறம்தான் நிறுவும் வேலை. கரண்ட் போனதும் வைஃபை பெட்டி அணைந்தது, கோப்பு பாதியோடு நின்றது, அவ்வளவுதான். நிறுவும் வேலைக்கு வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. காரின் கணினிகள் எல்லாம் சாதாரணக் காரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. பல கார்கள் நிறுவும் நேரத்தில் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்தி வைக்கும். அந்தச் சின்ன பேட்டரி பலவீனமாக இருந்தால்தான் சிக்கல். அதனால் ஆரம்பிக்கும் முன்பே கார் அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அவர் கேட்க நினைத்த உண்மையான கேள்வி அப்படியே நிற்கிறது. பழைய மென்பொருளை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருக்கும் அதே நொடியில் மின்சாரம் போனால்? இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது.

மென்பொருள் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையைச் சுற்றியும் மின்சாரம் கடக்க முடியாத சுவர். உள்ளே எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிட்டால் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் சரி. எலக்ட்ரான் அடைத்த அறை 0, காலி அறை 1. இந்த 0 அல்லது 1 தான் ஒரு பிட். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது இது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதும்போது அறைகளைப் பார்த்துப் பார்த்து நிரப்பலாம். அழிக்கும்போது அப்படி முடியாது, ஒரு பெரிய தொகுதியையே மொத்தமாகக் காலி செய்ய வேண்டும். கேமரா ஃபிளாஷ் பளிச்சென்று அடிப்பது போல ஒரே வீச்சில் எல்லாம் போய்விடும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது.

வாசலில் கோலம் போடுபவர்களுக்கு இது உடனே புரியும். மாவை இன்னும் கொஞ்சம் தூவி இழையைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் போட்ட இழையில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. தண்ணீர் தெளித்து வாசலையே கழுவ வேண்டும். கழுவி முடித்து, புதுக் கோலம் போடும் முன் விருந்தாளி வந்து நின்றால்? வெறும் வாசல். ஒரு கணினி அந்த நிலையில் விழித்தெழுந்தால், தான் என்ன செய்ய வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. வாசகி பயந்த 'செத்த கார்' இதுதான்.

அதனால் முக்கியமான கணினிகளுக்கு இரண்டு வாசல் வைத்தார்கள். நினைவகத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் இப்போது ஓடும் மென்பொருள், மற்றொரு பாதி சும்மா இருக்கும். புதிய மென்பொருளைச் சும்மா இருக்கும் பாதியில் எழுதுவார்கள். ஓடிக்கொண்டிருப்பதை ஒரு பிட்கூடத் தொடுவதில்லை. நடுவில் மின்சாரம் போனால் கெட்டுப்போவது யாரும் பார்க்காத பின்வாசல் கோலம். முன்வாசல் அப்படியே இருக்கும்.

எழுதி முடிந்ததும் கையொப்பச் சோதனை. கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டு 256 பிட் நீளமுள்ள ஒரு கைரேகையாகச் சுருக்குகிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகையில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். அந்தக் கைரேகையைக் கார் தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் முத்திரையிட்டிருப்பார். முத்திரையைச் சரிபார்க்கும் சாவி மட்டும் காருக்குள் பதிந்திருக்கும். பொருந்தாவிட்டால் கோப்பு குப்பைக்குப் போகும்.

எல்லாம் சரி, இப்போது விருந்தாளியைப் புது வாசலுக்குத் திருப்பிவிட வேண்டும். கார் கண் விழிக்கும்போது முதலில் ஓடும் ஒரு சிறு நிரல் இருக்கிறது. எந்தப் பாதியைத் திறப்பது என்று அது ஒரு குறிப்பைப் பார்த்து முடிவெடுக்கும். அந்தக் குறிப்பை 'இடது' என்பதிலிருந்து 'வலது' என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் குறிப்பை மாற்றும் கணத்தில் மின்சாரம் போனால்? இவ்வளவு பாடுபட்டு ஆபத்தை ஒரே ஒரு வரிக்குள் சுருக்கியிருக்கிறோமே தவிர, ஒழிக்கவில்லையே!

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பழைய குறிப்பை அவர்கள் மாற்றுவதே இல்லை. வேறோர் இடத்தில் புதிய குறிப்பு ஒன்றை எழுதுகிறார்கள். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயம்: ஒரு வரிசை எண், எந்தப் பாதி என்ற தகவல், கடைசியாக இவை இரண்டையும் கணக்கிட்டு வரும் ஒரு சரிபார்ப்பு எண். சிறு நிரலுக்கு ஒரே விதிதான். சரிபார்ப்பு எண் ஒத்துப்போகும் குறிப்புகளில் வரிசை எண் பெரியது எதுவோ அதை நம்பு. 41ஆம் குறிப்பு 'இடது' என்கிறது. 42ஆம் குறிப்பை எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது, நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் 41க்கே போய்விடும். எழுத்து முழுதாக விழுந்திருந்தால் 42 ஜெயிக்கும். பாதி மாறிய நிலை என்று ஒன்று இந்த அமைப்பில் கிடையவே கிடையாது. எந்த நொடியில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் விடை 'பழையது' அல்லது 'புதியது', இரண்டில் ஒன்றுதான்.

அதோடும் விடுவதில்லை. புது மென்பொருளை முதலில் தற்காலிகமாகத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அது எழுந்து, தன் சென்சார்களையெல்லாம் விசாரித்து, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று பதிவு செய்ய வேண்டும். பதிவு வராமல் சில தடவை தடுமாறினால் சிறு நிரல் தானாகவே பழைய பாதிக்குத் திரும்பிவிடும்.

போன மாதம் ஆயர் ஈத்தாமில் என் மச்சான் வீட்டில் ஓர் அப்டேட்டை முழுதாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரவு 11 மணி. திரை அணைந்தது. காருக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச். கொஞ்ச நேரம் அமைதி. ஒரு விசிறி சுழன்று நின்றது. இருபது நிமிடம் கழித்து யாரும் தொடாமலே முன்விளக்கு ஒரு தரம் மின்னி அணைந்தது. அதன் கணினி இப்போதுதான் எழுந்து தன்னைச் சோதித்துக்கொள்கிறது என்று மச்சானிடம் சொன்னேன். "இவ்வளவு நேரம் ஏன் மாமா?" என்று கேட்டான் அவர் மகன்.

நல்ல கேள்வி. காருக்குள் பல பத்துக் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இணைப்பது பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற கம்பி வழி. இதில் ஒரு செய்தியில் 8 பைட்தான் போகும். பிரேக் கணினிக்கு 4 மெகாபைட், அதாவது ஏறக்குறைய 42 லட்சம் பைட் மென்பொருள் என்று வைத்துக்கொண்டால் 5 லட்சத்து 24 ஆயிரம் செய்திகள். செய்திக்குக் கால் மில்லி நொடி என்றாலும் அனுப்புவதற்கு மட்டுமே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அழிப்பது, சரிபார்ப்பது எல்லாம் தனி. இப்படி ஒவ்வொரு கணினியாக முடிக்க வேண்டும். சின்னக் கணினிகள் சிலவற்றுக்கு இரண்டு வாசல் வைக்க இடம் இருக்காது. அவற்றில் அழித்துத்தான் எழுத வேண்டும். அங்கே அந்தச் சிறு நிரல் மட்டும் அழியாமல் இருந்து, கோப்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். காரை நிறுத்தி வைத்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

இத்தனை காவல் இருந்தும் தவறு நடக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்க ரிவியன் நிறுவனம் அனுப்பிய அப்டேட்டால் பல கார்களின் திரைகள் செயலிழந்தன. தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட தவறான தொகுப்பை யாரோ அனுப்பிவிட்டார்கள் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அப்போதும் கார்கள் ஓடின. திரைக் கணினி வேறு, சக்கரத்தைச் சுழற்றும் கணினி வேறு. தொழிற்சாலைக் கதவைத் தாண்டும் முன் மனிதக் கை செய்யும் பிழையை ஃபிளாஷ் நினைவகம் எப்படித் தடுக்கும்? அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் சிறு சிறு கூட்டமாக அனுப்புவது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை என்றால் கோபப்படாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதுக் காரைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அது நம் மகிழ்ச்சி. ஆனால் ராகு காலம் பார்த்து அப்டேட்டைத் தள்ளிப் போட்டவரையும், 'அப்டேட் செய்யாதே, பேட்டரி குறையும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி நான்கு மாதம் செய்யாமல் இருந்தவரையும் எனக்குத் தெரியும். அதில் பிரேக் திருத்தம் இருந்திருக்கலாம். 2018இல் டெஸ்லா மாடல் 3 கார் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிற்க ஏறக்குறைய 46 மீட்டர் எடுத்தது என்று அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் குறை சொன்னது. சில நாளில் ஓர் அப்டேட் வந்தது. அதன்பின் 40.5 மீட்டர். ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடவில்லை. அந்த ஐந்தரை மீட்டர், ஒரு பிள்ளை சாலையைக் கடந்து முடிக்கும் தூரம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தது. என் சின்னம்மா 1980களில் பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அரை நூற்றாண்டாக நாம் உலகத்துக்குச் சிப் கட்டிக் கொடுக்கிறோம். அந்தச் சிப்புக்குள் ஓடும் நிரலை எழுதுவதும், அதன் பாதுகாப்பை உடைத்துப் பார்த்துச் சோதிப்பதும் இங்கேயே நடக்க வேண்டாமா? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதே தீவில்தான் இருக்கிறது. இந்தத் துறை ஆய்வுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அந்த 16 கிலோமீட்டர். சந்தேகம் அடியோடு ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். 2019இல் டெஸ்லா ஓர் அப்டேட் மூலம் பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றின் பேட்டரி உச்ச அளவைக் குறைத்தது. வழக்கு வந்து 2021இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆனால் உங்கள் காரில் வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பெட்ரோல் தொட்டி போல மிதவை போட்டு அளக்க முடியாது. உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம், செல்லின் வோல்ட் எல்லாவற்றையும் வைத்துக் கார் ஊகிக்கிறது. இப்போது பரவலாக வரும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்லில் சார்ஜ் 20 விழுக்காட்டில் இருந்து 80 வரை ஏறினாலும் மாறுவது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஊகம் நாள்பட நாள்பட நழுவும். அப்டேட் அந்த ஊகக் கணக்கைத் திருத்தியிருக்கலாம். அப்படியானால் குறைந்தது எண்தானே தவிர பேட்டரி இல்லை.

கையேட்டில் பாருங்கள். எல்எஃப்பி என்று போட்டிருந்தால், வரும் சனிக்கிழமை 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு, இரவு மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜரைக் கழற்றாதீர்கள், உச்சியில்தான் வோல்ட் சட்டென்று ஏறும், கார் அங்கேதான் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஞாயிறு காலை திரையில் எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.