ஸ்லீட் எண்டா ஆலங்கட்டியோ?

பொஸ்டன்ல இருக்கிற பெரியம்மாட மகள் அக்கா போன மார்கழியில ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டா, "தம்பி ஒரு அடி ஸ்னோ எண்டு ரெண்டு நாளா சொல்லிக்கொண்டிருந்தாங்கள், இப்ப பார்த்தா வெளியில ஸ்லீட் கொட்டுது" எண்டு. பக்கத்தில இருந்த அம்மா "ஸ்லீட் எண்டா என்னடா, ஆலங்கட்டியோ" எண்டு கேட்டா. இஞ்ச திருக்கோணமலையில வாடை அடிச்சு டச்சு விரிகுடாப் பக்கம் அலை ரோட்டுக்கு வாற மாதிரி நிக்குது, பனி எண்டா எங்களுக்கு விடியப்புறம் தலைக்கு ஒரு துவாய் கட்டுற விஷயம், அவ்வளவுதான். உடன சொல்ல வாய் வரேல்ல.

லண்டன்ல இருக்கிற மாமாட மகனைக் கேட்டா இன்னும் குழப்பிவிட்டான். அவனுக்கு ஸ்லீட் எண்டா அரைகுறையா உருகின பனி மழையோட சேர்ந்து சதக் சதக் எண்டு விழுறது. அக்கா சொல்லுறது வேற, ஊறப்போடாத சவ்வரிசி மாதிரிக் குட்டி ஐஸ் மணி, கண்ணாடியில பட்டாத் தெறிக்கும். ரெண்டு பேரும் சரி. பிரிட்டன்ல முதல் அர்த்தம், அமெரிக்காவில ரெண்டாவது. ஒரே சொல்லை வச்சு ரெண்டு நாடும் ரெண்டு சாமானைக் கதைக்குது.

சொல்லு நடுக்கால ஆங்கிலத்தில இருந்து வருது, பழைய ஜெர்மன் வகை மொழிகள்ல ஆலங்கட்டியைக் குறிச்ச ஒரு சொல்லுக்குச் சொந்தம், ஜெர்மன்ல இண்டைக்கும் ஷ்லோஸெ எண்டா ஆலங்கட்டிதான். அப்ப வேர் பார்த்தா அம்மா சொன்னது பிழையில்லை! ஆனா பொருள் பார்த்தாப் பிழை. ஆலங்கட்டி இடிமுகில்ல உருவாகிறது, மேல எழும்புற காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட அது பருக்கும். ஸ்லீட் வாற வழி வேற.

குளிர்நாட்டில மாரியில பெய்யிற மழை பெரும்பாலும் மேல பனியாத்தான் தொடங்குது. கீழ வாற வழியில நடுவில 0 பாகைக்கு மேல ஒரு சூடான காற்றுப் படை இருந்தா உருகும். அதுக்குக் கீழ நல்ல தடிப்பான குளிர்ப் படை இருந்தாத் திரும்ப உறைஞ்சு மணியாகும், அதுதான் அக்காட ஸ்லீட். கீழ்ப் படை மெல்லிசா இருந்தா உறைய நேரம் காணாது, தண்ணியாவே வந்து ரோட்டில, கரண்ட் கம்பியில பட்ட உடன ஐஸாகும். இதுதான் மோசமான ஆள். சூட்டுப் படையே இல்லாட்டிப் பனி, கீழ் வரைக்கும் சூடெண்டா வெறும் மழை. இந்த நாலுக்கும் நடுவில சிலவேளை ஒண்டு ரெண்டு பாகைதான் வித்தியாசம்.

கரையோரத்தில இதைக் கணிக்கிறது ஏன் தலையிடி எண்டா, கடல். மார்கழியிலயும் பொஸ்டன் கடல் உறையாமத்தான் கிடக்கும், அதுக்கு மேலால வாற காற்று நிலத்துக் காற்றை விடச் சூடு. அங்கத்தைய பெரிய மாரிப் புயலுக்கு நோர்ஈஸ்டர் எண்டு பேர், வடகிழக்கில இருந்து காற்று அடிக்கிறதால (எங்கட வடகீழ்ப் பருவக்காற்றும் அதே திசைதான், ஆனா அதுக்கு ஆரும் ஜக்கெட் போடுறேல்ல). புயல் 40 பாகை வடக்கு, 70 பாகை மேற்கு எண்ட கடல் புள்ளிக்கு வெளியால, ஆழ்கடல் பக்கமாப் போனா பொஸ்டனுக்குப் பனி வாய்ப்புக் கூட, உள்ளால கரைக்குக் கிட்டப் போனா மழை எண்டு அங்க ஒரு கணக்கு வச்சிருக்கினம். புயல் கொஞ்சம் விலகினாலே முழுக் கணக்கும் மாறும். போதாக்குறைக்குப் பனி உருகேக்க சுத்தியுள்ள காற்றில இருந்து சூட்டை இழுக்கும், அதால பலமாப் பெய்ஞ்சாப் படை குளிர்ந்து மழையே பனியா மாறும், கணிச்சவர் முழிப்பார். 2017 மார்ச் 14 நியூயோர்க்குக்கு ஒரு அடிக்கு மேல பனி எண்டு சொல்லிப்போட்டு, ஸ்லீட் கலந்து சென்ட்ரல் பார்க்கில அதுக்கு நல்லாக் குறையத்தான் விழுந்தது. எங்கட புரெவிப் புயல் 2020 மார்கழி 2 ஆம் திகதி எங்க கரை கடக்கும் எண்டு நாங்க முழிச்சிருந்தது ஞாபகம் வருது, ஆனா எங்களுக்கு எங்க எண்டதுதான் கேள்வி, என்ன விழும் எண்டு இல்லை.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. பேப்பர்ல பனிமழை எண்டு போடுறாங்கள், அது ஸ்னோவுக்கும் போடுறாங்கள், பிரயோசனமில்லை. பனி எண்ட சொல்லே எங்களிட்டப் பரந்தது. முன்பனி பின்பனி எண்டு காலம், மூடுபனி, கண் பனிச்சது எண்டா கண்ணீர், பனித்தல் எண்டா நடுங்கிறதும்தான். ஆலங்கட்டியும் அழகான சொல், ஆலம் எண்டா தண்ணி, தண்ணி கட்டியானது, ஆனா அதை இடிமுகில்ல வாற ஹெய்லுக்கு விட்டிடுவம்.

என்ட எண்ணம், லண்டன் ஸ்லீட்டுக்கு பனி கலந்த மழை, நேரா விளங்கும். பட்ட உடன உறையிறது உறைமழை. அக்காட ஸ்லீட்டுக்கு பனிக்குறுணல். அரிசிக் குறுணல் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மாக்குச் சொன்னன், "அப்பிடியெண்டா புடைச்சு எடுக்கலாம் போல" எண்டிட்டு அடுப்படிக்குப் போட்டா.