சொல் விளக்கம்: டிஃபென்ஸ்மேன்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் களத்தில் ஆறு பேர். கோல்காப்பாளர் ஒருவர், முன்களத்தில் மூவர், இவர்களுக்கு நடுவே இருவர். அந்த இருவரில் ஒவ்வொருவரும் ஒரு டிஃபென்ஸ்மேன். பேச்சுவழக்கில் வெறும் 'டி' என்பார்கள். எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே இவர் நிற்பதால் 'புளூலைனர்' என்ற பெயரும் உண்டு.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் 'தடுப்பாளர்' என்ற சொல்தான் முதலில் கைக்கு வருகிறது. ஒரு ஆட்டத்தின் செய்திக்கு அது போதும். விருதுப் பட்டியலை எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் உலக சாம்பியன்ஷிப்பில் 1954 முதல் சிறந்த கோல்காப்பாளர், சிறந்த டிஃபென்ஸ்மேன், சிறந்த முன்கள ஆட்டக்காரர் என மூன்று பரிசுகள் தரப்படுகின்றன. ஆளைத் தேர்ந்தெடுப்பது போட்டி இயக்குநரகம். 1961 முதல் செய்தியாளர்கள் தனியே வாக்களித்து நட்சத்திர அணி ஒன்றையும் அறிவிக்கிறார்கள். அதில் டிஃபென்ஸ்மேன்கள் இருவர். ஒலிம்பிக்கிலும் இதே வகைப் பரிசுகள் உண்டு. 'சிறந்த தடுப்பாளர்' என்று எழுதிவிட்டுக் கீழே பார்த்தால், அந்தத் தொடரிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் பெயர் இருக்கும். தடுத்தவருக்கா பரிசு, அடித்தவருக்கா என்று வாசகர் குழம்புவார். அந்தக் குழப்பம் ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

டிஃபென்ஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீன் 'டிஃபெண்டெரே'. அடித்து அப்பால் விலக்குவது என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' இதே சொல்லின் தலை தேய்ந்த வடிவம். கனடா ஆங்கிலத்திலும் அமெரிக்க ஆங்கிலத்திலும் ஓர் எழுத்து மாறும், உச்சரிப்பு ஒன்றே.

ஆனால் ஐஸ் ஹாக்கி தொடங்கிய நாளில் இந்தப் பெயரே இல்லை. 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலின் விக்டோரியா சறுக்குக் கூடத்தில் நடந்த புகழ்பெற்ற ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர். பிறகு அது ஏழாகக் குறைந்தது. அந்த ஏழில் இருவருக்குப் பெயர் பாயிண்ட், கவர் பாயிண்ட். கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இரண்டும் பழகிய பெயர்கள். கனடாவின் லக்ராஸ் ஆட்டத்திலும் இவை இருந்தன. அப்போது இந்த இருவரும் அருகருகே நிற்கவில்லை. கோலுக்கு நேர் முன்னால் பாயிண்ட், அவருக்கு முன்னால் கவர் பாயிண்ட் என ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பாயிண்டின் வேலை, வந்த 'பக்'கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) தூக்கி எதிர்முனைக்கு அனுப்பிவிடுவது. கவர் பாயிண்டுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது. 1890களில் மாண்ட்ரியல் விக்டோரியாஸ் அணியின் மைக் கிராண்ட், பக்கைத் தானே ஓட்டிக்கொண்டு முன்னேறியவர்களில் முன்னோடி எனப் பெயர் பெற்றவர். இருவரும் இடம் வலமாகப் பக்கவாட்டில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் பழைய பெயர்கள் உதிர்ந்து, இருவருக்கும் பொதுவாக டிஃபென்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

பாயிண்ட் என்ற சொல் மட்டும் சாகவில்லை. தன் அணி எதிரணிப் பகுதியில் தாக்கும்போது டிஃபென்ஸ்மேன் வந்து நிற்கும் நீலக்கோட்டு ஓரத்துக்கு இன்று அதுதான் பெயர். கோலுக்கு முன்னால் காவலிருந்தவரின் பெயர், தாக்குதலுக்கான இடத்தின் பெயராகிவிட்டது. இதே சொல் கோல் அடித்தாலோ, கோலுக்கு உதவினாலோ கிடைக்கும் கணக்கையும் குறிக்கும். தமிழில் இடத்தைப் பாயிண்ட் என்றும் கணக்கைப் புள்ளி என்றும் பிரித்து எழுதிவிட்டால் குழப்பமில்லை.

டிஃபென்ஸ்மேன் என்பவர் யார் என்ற எண்ணத்தையே புரட்டிப் போட்டவர் கனடா ஆட்டக்காரர் பாபி ஓர். 1969-70 பருவத்தில் 120 புள்ளிகளுடன் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். 1974-75இல் மீண்டும் பிடித்தார். அவருக்கு முன்னும் பின்னும் எந்த டிஃபென்ஸ்மேனும் அதைச் செய்ததில்லை. முழங்கால் காயங்களால் அவர் ஆடிய பெரிய சர்வதேசத் தொடர் ஒன்றே ஒன்று, 1976 கனடா கோப்பை. அதில் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அதன்பிறகு இந்த இடத்தில் ஆடுபவரைத் தடுப்பதை மட்டும் வைத்து எடைபோட யாராலும் முடியவில்லை. சோவியத் அணியின் வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ் 1978, 1982, 1985, 1986, 1989 என ஐந்து உலக சாம்பியன்ஷிப்களில் சிறந்த டிஃபென்ஸ்மேன் ஆனார். அவரும் தாக்குதலைப் பின்னாலிருந்து கட்டியெழுப்பியவர்தான். 1973, 1977, 1979இல் அதே பரிசைப் பெற்ற வலேரி வசீலியேவ் வேறு வார்ப்பு: உடலால் மோதி, வழியை மறித்து ஆடியவர். இருவருக்கும் ஒரே பரிசு என்பதில் தவறில்லை. அந்தக் காலத் தேர்வாளர்கள் இரண்டு வகையையும் மதித்தார்கள்.

2014 சோச்சி ஒலிம்பிக்கைப் பாருங்கள். கனடா ஆறு ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தவை மூன்றே கோல்கள். அரையிறுதியில் அமெரிக்காவை 1-0 என்றும், இறுதியில் சுவீடனை 3-0 என்றும் வென்றது. நான் பார்த்த ஐஸ் ஹாக்கியில் இவ்வளவு இறுக்கமான தடுப்பாட்டம் அரிது. கோல்காப்பாளர் கேரி பிரைஸுக்குப் பரிசு கிடைத்தது. சிறந்த டிஃபென்ஸ்மேன் பரிசோ இறுதியில் தோற்ற சுவீடனின் எரிக் கார்ல்சனுக்குப் போனது. நான்கு கோல், நான்கு உதவி என எட்டுப் புள்ளிகளுடன் அமெரிக்காவின் ஃபில் கெஸ்ஸலோடு பட்டியலின் உச்சியில் இருந்தவர் அவர். கார்ல்சனின் சறுக்கும் வேகமும், தொலைவிலிருந்து தரும் பாஸும் கண்ணுக்கு விருந்து, அதில் ஐயமில்லை. ஆனாலும் ஃபின்லாந்துக்கு எதிராகக் கனடாவின் இரண்டு கோலையும் அடித்து, மறுமுனையில் எதிரணியை மூச்சுவிடாமல் வைத்திருந்த ட்ரூ டவுட்டிக்கு அந்தப் பரிசு போயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. செய்தியாளர்களின் நட்சத்திர அணியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. டவுட்டியோடு இணையாக ஆடிய மார்க்-எட்வார்ட் விளாசிக்கின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஒலிம்பிக்கில் ஓர் அணிக்குக் கிடைப்பவை சில ஆட்டங்களே. உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி வரை போனாலும் பத்து ஆட்டங்கள்தான். வலுவற்ற அணிக்கு எதிராக ஒரே இரவில் மூன்று புள்ளி எடுத்தவர் பட்டியலில் மேலே போய்விடுவார். தடுத்ததற்கு அப்படிப் பளிச்சென்ற கணக்கு இல்லை. பிளஸ்-மைனஸ் என்று ஒன்று உண்டு: ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் அடித்தால் கூட்டல், வாங்கினால் கழித்தல், தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில் அடித்த கோல் மட்டும் சேராது. ஆனால் கோல்காப்பாளர் தூங்கினால் டிஃபென்ஸ்மேனின் கணக்கும் கெடும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். பின்னோக்கிச் சறுக்கியபடியே எதிராளிக்கும் தனக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறார்? மட்டையை எங்கே நீட்டி எந்தப் பாஸை அடைக்கிறார்? மூலையில் பக்கை மீட்டதும் முதல் பாஸ் சக வீரரிடம் போகிறதா, களத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதிப் பறிபோகிறதா? தன் அணியில் ஆள் குறைந்த இரண்டு நிமிடங்களில் பயிற்சியாளர் யாரை இறக்குகிறார்? கடைசிக் கேள்விக்கான விடை பல நேரம் விருதுப் பட்டியலைவிட உண்மையானது.

தேர்வாளர்கள் இதைப் பார்த்த நாளும் உண்டு. 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியின் மூன்றாம் பகுதி தொடங்கிய நொடிகளிலேயே வெற்றிக் கோலை அடித்தவர் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், அன்றைய உலகின் தலைசிறந்த டிஃபென்ஸ்மேன். பரிசு அவருக்குப் போகவில்லை. அப்போது சுவீடனில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அதே அணியின் கென்னி யோன்சனுக்குப் போனது. ஆரவாரமில்லாத ஆட்டத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனித் தமிழ். 'தற்காப்பு ஆட்டக்காரர்' என்று எழுதுவோர் உண்டு. அதில் 'தன்' என்பது உறுத்துகிறது. இவர் காப்பது தன்னை அல்ல, கோலை. 'காவலர்' என்றால் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். 'காப்பாளர்' விடுதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டது, கோல்காப்பாளரோடும் முட்டும். புறத்திணையில் கோட்டை காப்பதற்கு நொச்சி என்றும், கவர்ந்து செல்லப்பட்ட நிரையை மீட்பதற்குக் கரந்தை என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நல்ல டிஃபென்ஸ்மேன் இரண்டையும் செய்பவர். 'தடுப்பாளர்' நொச்சியோடு நின்றுவிடுகிறது.

கால்பந்துச் செய்திகளில் ஏற்கெனவே புழங்கும் முன்களம், நடுக்களம், பின்களம் என்ற வரிசைதான் இங்கே கைகொடுக்கும். பின்கள ஆட்டக்காரர் என்பது நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை. சுவீடன்காரர்கள் 'பேக்' என்று அழைப்பதும் இதே போக்குதான். ரஷ்யர், செக், ஜெர்மானியர், ஃபின்லாந்துக்காரர் எல்லோரும் காத்தலைக் குறிக்கும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். ஆளுக்குப் பின்கள ஆட்டக்காரர், செயலுக்குத் தடுப்பாட்டம் என்று வைத்துக்கொண்டால், 'சிறந்த பின்கள ஆட்டக்காரர் கார்ல்சன். அவரது தடுப்பாட்டம் சுமார்' என்று முரணில்லாமல் எழுதலாம்.

இன்னொரு வசதி, 'மேன்' ஒழிவது. பெண்கள் உலக சாம்பியன்ஷிப் 1990இல் ஒட்டாவாவில் தொடங்கியது. அதில் ஆடுபவரை டிஃபென்ஸ்மேன் என்பது பொருந்தாமல், ஆங்கிலத்திலும் டிஃபெண்டர் என்ற சொல் பரவிவருகிறது. தமிழில் 'ஆட்டக்காரர்' இருபாலருக்கும் பொருந்தும். ஃபின்லாந்தின் யென்னி ஹீரிகோஸ்கி இந்தப் பரிசைத் திரும்பத் திரும்ப வென்றவர். 2019இல் எஸ்போ நகரில் ஃபின்லாந்து கனடாவை அரையிறுதியில் வீழ்த்தி, வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து முதன்முறையாக இறுதிக்குப் போனது. அமெரிக்காவிடம் ஷூட்அவுட்டில்தான் தோற்றது. அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், கோல் அடிக்கும் முன்கள நட்சத்திரங்கள் யாரும் அல்லர், அந்த அணியின் தலைவியான இந்தப் பின்கள ஆட்டக்காரர்.