எத்தனை பவுண்டு குறைத்தான் என்று கேட்காதீர்கள்

எடை குறைக்கப்போய் இந்தக் குளிர்காலத்தில் என் கிளினிக்குக்கு வந்த மூன்றாவது பையன் இவன். வயது 15. மல்யுத்தப் பயிற்சி முடிந்து உடை மாற்றும் அறையில் சுருண்டு விழுந்தவனை அப்பா கைத்தாங்கலாக அழைத்து வந்தார். உதடு வெடித்திருந்தது, கண் உள்வாங்கியிருந்தது. படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 118. சிறுநீர் கேட்டோம், வரவில்லை. டிரிப்ஸ் ஒன்றரை பாட்டில் ஏறிய பிறகு கொஞ்சம் வந்தது, பால் விடாத டீயின் நிறத்தில். அந்த நிறத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு குறைச்சே தம்பி?"

"நாலு நாள்ல பதினொண்ணு, டாக்டர்."

11 பவுண்டு. ஏறக்குறைய 5 கிலோ. பேச முடியாமல் பேசினான், ஆனாலும் அந்த எண்ணைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. எனக்குக் கோபம் வந்தது அவன்மேல் இல்லை. பக்கத்தில் நின்ற அப்பா, என் முகத்தைப் பார்க்காமல், "டேன் கேபிளே இப்படிப் பண்ணினவர்தானே டாக்டர்?" என்றார். அப்போதுதான் வந்தது. (கேபிள் என்றால் இங்கே எல்லோரும் கொண்டாடும் மல்யுத்த வீரர், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்.)

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்வது டிவியில் நாற்காலியால் அடித்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பள்ளி மல்யுத்தம் கிட்டத்தட்ட ஒரு மதம். எடைப்பிரிவு வாரியாக மோதுவார்கள், போட்டிக்கு முன்னால் எடை பார்ப்பார்கள்; கீழ்ப் பிரிவில் நுழையத்தான் இந்த எடைக் குறைப்பு. பிப்ரவரியில் டெமொய்ன் நகரில் மாநிலப் போட்டி நடக்கும் நாட்களில் என் கிளினிக்கில் பாதிப் பேர் அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடுவார்கள். இங்கே வேலைக்கு வந்த நம்மவர்களின் பிள்ளைகளும் இப்போது மல்யுத்த மெத்தையில் இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். அதோடு சேர்ந்து உள்ளூர் வியாதி ஒன்றும் நம் அப்பாக்களுக்குத் தொற்றிவிட்டது: இந்த மாநிலத்தின் தலைசிறந்த பள்ளி மல்யுத்தக்காரன் யார், தலைசிறந்த கோச் யார் என்ற ஓயாத வாக்குவாதம்.

எனக்கும் அந்த வாக்குவாதம் பிடிக்கும், ஒளிக்கவில்லை. கேபிள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். வாட்டர்லூ வெஸ்ட் பள்ளி, 64 போட்டி, 64 வெற்றி, மூன்று மாநிலப் பட்டம். உடனே இன்னொருவர் பிரிட் என்ற சின்ன ஊரின் பாப் ஸ்டீன்லேஜை இழுப்பார். நான்கு வருடமும் மாநிலப் பட்டம் வென்ற முதல் அயோவாக்காரர் அவர், 1962இல் நான்காவது. எமெட்ஸ்பர்கின் ஜெஃப் கெர்பர் நான்கு பட்டத்தோடு ஒரு போட்டிகூடத் தோற்கவில்லையே என்பார் மூன்றாமவர். அயோவா சிட்டியின் ஜெஃப் மெக்கின்னஸ் 172 போட்டியில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று சொன்னால் கொஞ்ச நேரம் அமைதி. சின்னப் பள்ளிப் பிரிவில் வாங்கிய பட்டமும் பெரிய பள்ளிப் பிரிவில் வாங்கிய பட்டமும் ஒன்றா என்று யாராவது கிளப்பினால் அன்று கடை மூடும்வரை பேச்சு ஓயாது. கோச் என்றால் என் ஓட்டு கேபிளுக்கே பள்ளியில் கற்றுக்கொடுத்த பாப் சிடன்ஸுக்கு. ஒரே பள்ளியை 11 முறை மாநில அணிப் பட்டத்துக்குக் கொண்டுபோனவர். பல்கலைக்கழக அளவில் 15 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த கேபிள்தான் பெரிய கோச் என்பார்கள். பேச்சு பள்ளியைப் பற்றி என்றால் பள்ளியோடு நிறுத்துங்கள் என்பேன் நான்.

இதுவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. வாதம் சூடாகி, வெற்றிக் கணக்குத் தீர்ந்துபோய், "எங்க காலத்துல மூணு நாள் தொண்டையை நனைக்க மாட்டோம், பன்னிரண்டு பவுண்டு இறக்குவோம்" என்று ஒரு பெரியவர் தொடங்குகிறாரே, அங்கேதான் கெடுகிறது. அதற்குப் பிறகு யார் எத்தனை பேரை வென்றார் என்ற பேச்சே இருக்காது. யார் எவ்வளவு வற்றினார் என்பதே வீரத்துக்கு அளவுகோல். பக்கத்து மேசையில் ஒரு பையன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அந்த அப்பாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கேபிள் எடை குறைக்காதவர் என்று நான் வாதாடவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் குறைத்தார்கள். ஆனால் அவர் பட்டம் வாங்கிய எடைப்பிரிவுகளைப் பாருங்கள்: 1964இல் 95 பவுண்டு, 1965இல் 103, 1966இல் 112. வருடா வருடம் ஏறுகிறது. வளர்கிற பையன், பிரிவும் வளர்கிறது. 1972இல் மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியது 68 கிலோவில். மெக்கின்னஸ் தேசியக் கல்லூரிப் பட்டத்தை 1995இல் 126 பவுண்டில் வென்றார், 1998இல் 142இல். நாம் கொண்டாடும் ஆட்களே மேலே ஏறிப் போனவர்கள். நாம் பிள்ளைகளைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

உடனே ஓவிங்ஸ் வருவார், தெரியும். கேபிளின் கல்லூரி வாழ்க்கையில் ஒரே தோல்வி, 1970 இறுதிப் போட்டி, லாரி ஓவிங்ஸிடம். அவர் மேல் பிரிவிலிருந்து எடை குறைத்து இறங்கி வந்துதானே ஜெயித்தார்? ஆமாம். கேபிளைத் தேடி இறங்கி வந்த ஒரு கல்லூரி வீரர் அவர். உங்கள் மகன் இறங்குவது அணியில் 132 பவுண்டுப் பிரிவில் இவனைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருப்பதாலும், 120 பவுண்டுப் பிரிவில் ஆள் இல்லை என்பதாலும். அதற்கு வீரம் என்று பெயர் வைக்காதீர்கள். அது காலியிடம் நிரப்புவது.

இனி எனக்கு எரிச்சலூட்டும் நம்பிக்கைகளில் முதலிடம் பிடிப்பது. "வேர்த்தா கொழுப்பு கரையும் டாக்டர்." படித்தவர்கள் சொல்கிறார்கள். என்ஜினியர்கள் சொல்கிறார்கள். நனைந்த துண்டை எடை போடுங்கள், பிழியுங்கள், மறுபடி எடை போடுங்கள். குறைந்திருக்கும். துண்டு இளைத்துவிட்டதா? ஒரு பவுண்டு கொழுப்பு கரைய சுமார் 3,500 கலோரி செலவாக வேண்டும். 11 பவுண்டுக்கு 38,500. இந்த வயதுப் பையன் ஒரு நாளைக்குச் செலவழிப்பது, பயிற்சியையும் சேர்த்து, தாராளமாகப் போட்டாலும் 3,500. அப்படியென்றால் நான்கு நாள் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாமல் கிடந்தாலும் கொழுப்பில் 4 பவுண்டைத் தாண்டாது. மீதி 7 பவுண்டு எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர். ரத்தத்திலிருந்தும் தசையிலிருந்தும் பிழிந்த தண்ணீர். உண்மையில் அந்த 4கூட முழுக்கக் கொழுப்பு இல்லை, தசையும் சேர்ந்தே போகும். எதை வைத்து எதிராளியைத் தூக்கப் போகிறானோ அதையே எரித்துவிட்டுத்தான் மெத்தைக்குப் போகிறான்.

பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடினால் இன்னும் அதிகம் கரையுமாம். வியர்வை சொட்டினால் போதாது, ஆவியாக வேண்டும், அப்போதுதான் உடம்பு குளிரும். பிளாஸ்டிக்குக்குள் அது ஆவியாகாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அதைக் குறைக்க இன்னும் வேர்க்கும், இன்னும் ரத்தம் கெட்டியாகும். இட்லிப் பானை மூடியைத் திறக்காமல் அடுப்பை ஏற்றிக்கொண்டே போவது போல.

"எடை பார்த்ததும் குடிச்சுக்குவான்" என்பது அடுத்தது. பள்ளிப் போட்டிகளில் எடை பார்ப்பதற்கும் போட்டி தொடங்குவதற்கும் நடுவே பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். விதியே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றே. குடித்த தண்ணீர் வயிற்றில் கடகடவென்று சத்தம் போடும், ரத்தத்துக்கும் தசைக்கும் முழுதாகத் திரும்ப ஒரு நாளாவது வேண்டும். போட்டியில் மூன்றாவது சுற்றில் கால் பின்னிக்கொள்வதும், குறக்களி பிடிப்பதும் அதனால்தான். கோச் அதை "மன உறுதி போதவில்லை" என்று சொல்வார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. இதே அயோவாவில் 747 பள்ளி மல்யுத்தக்காரர்களை ஆராய்ந்து, இரண்டரை வாரத்தில் சராசரியாக 3 கிலோ குறைக்கிறார்கள் என்று 1970லேயே டிப்டன், டிசெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். யாரும் அசையவில்லை. விஸ்கான்சின் மாநிலம் மட்டும் 1991இல் குறைந்தபட்ச எடை விதியைக் கட்டாயமாக்கியது. பிறகு 1997 நவம்பர், டிசம்பரில், சுமார் ஒரு மாதத்துக்குள், வேறு வேறு மாநிலங்களில் மூன்று கல்லூரி மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் செத்தார்கள். ரப்பர் சூட், சூடான அறை, சைக்கிள், தண்ணீர் இல்லை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே கதை. மூத்தவனுக்கு 22 வயது. அந்தப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. வாக்குவாத மேசையில் அவர்களை யாரும் எண்ணுவதும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ரப்பர் சூட்டும் சானா என்ற வெப்ப அறையும் கல்லூரியில் தடையாயின. பள்ளிகளுக்கு 2006–07 போட்டிப் பருவத்திலிருந்து நாடு முழுக்க விதி வந்தது. பருவம் தொடங்கும்போது சிறுநீரின் அடர்த்தி பார்ப்போம், 1.025க்கு மேல் போனால் அன்று திருப்பி அனுப்பிவிடுவோம். பிறகு தோல் மடிப்பை இடுக்கியால் பிடித்துக் கொழுப்புக் கணக்கு. பையனுக்கு 7 சதவீதம், பெண்ணுக்கு 12 சதவீதம், அதற்குக் கீழே இறங்க அனுமதி இல்லை. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. 130 பவுண்டு பையனுக்கு அது 2 பவுண்டு. நான்கு நாளில் 11 அல்ல. (7 சதவீதம் என்பது எட்டவேண்டிய இலக்கு என்று நினைக்கும் கோச்சுகள் இருக்கிறார்கள். அது பள்ளத்தின் விளிம்பில் கட்டிய கயிறு. கயிற்றைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று யார் சொன்னது?) விதி நல்ல விதிதான். ஆனால் சிறுநீர்ச் சோதனை பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள். அதற்குப் பிறகு ஜனவரி முழுக்க அவன் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான், என்னிடம் இல்லை.

தோல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதுவும் இதே வீம்பின் தம்பிதான். படர்தாமரை வந்தால் போட்டிக்கு விடமாட்டார்கள் என்று மேக்கப் பூசி மறைப்பது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது, பிளீச் ஊற்றுவது. எல்லாம் பார்த்திருக்கிறேன். புண்ணோடு போனால் எதிராளிக்கும் வரும். 1989இல் மின்னசோட்டாவில் ஒரு மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பிஸ் என்ற கொப்புளத் தொற்று பரவியது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. மறைக்காமல் காட்டினால் மாத்திரையோடு சீக்கிரம் திரும்பலாம். காது வீங்கினால் அன்றே அல்லது மறுநாளே வாருங்கள், ரத்தத்தை எடுத்துவிடலாம். அப்படியே விட்டால் உருக்குலைந்து நிற்கும் காலிஃபிளவர் காது பதக்கம் இல்லை.

இனி அம்மா அப்பாக்களுக்கு. பருவம் தொடங்குமுன் பிரிவை முடிவுசெய்யும்போது நீங்களும் உட்காருங்கள், கோச் ஏதோ நினைத்துக்கொள்வார் என்று கூச்சப்படாதீர்கள். சந்தேகம் என்றால் மேல் பிரிவு. பேதி மாத்திரை, தாத்தாவின் பிரஷருக்கான நீர் மாத்திரை, இரண்டையும் பூட்டி வையுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். பெண்ணாக இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கேளுங்கள். 2022–23இலிருந்து அயோவாவில் பெண்களுக்குத் தனி மாநிலப் போட்டி உண்டு, அவர்களும் இதே பாதையில் வந்துகொண்டிருக்கிறார்கள். சிறுநீர் டீ நிறத்திலோ கோலா நிறத்திலோ வந்தால், தசைகள் கல்லாக இருந்தால், பேச்சு குழறினால், எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே எமர்ஜென்சி.

அப்பாக்களே, அடுத்த முறை கேபிளா மெக்கின்னஸா என்று பேசுங்கள், நானும் வருகிறேன். பையன் முன்னால் பவுண்டுக் கணக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. போன மாதம் ஒரு அம்மா தயங்கித் தயங்கிப் போன் செய்தார். மகனின் அறையில், கட்டிலுக்கு அடியில், பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் ஏழெட்டு. உள்ளே என்னவென்று தெரியவில்லை, போதைப் பொருளோ என்று பயந்துபோயிருந்தார். எச்சில். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் வாயில் ஊறுவதைக்கூட விழுங்காமல் துப்பித் துப்பிச் சேர்த்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கூப்பிடுங்கள். பையனைத் திட்ட மாட்டேன். அவனைக் கூட்டிக்கொண்டு வரும்போது கையில் ஒரு சொம்பு மோர் கொண்டுவாருங்கள், கிளினிக்கிலேயே குடிக்க வைத்துவிடலாம்.