சொல் விளக்கம்: வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள்

அமெரிக்கத் தேர்தல் புள்ளிவிவரங்களில் 'சிட்டிசன் வோட்டிங் ஏஜ் பாப்புலேஷன்' என்ற தொடர் அடிக்கடி தென்படும். 18 வயது நிரம்பிய குடிமக்களின் தொகை என்பது இதன் பொருள். 'வாக்காளர்கள்' என்று சுருக்கமாக எழுதிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் வாக்காளர் என்பவர் பட்டியலில் பெயர் உள்ளவர். இந்தத் தொகையிலோ பெயரே பதியாதவரும் அடக்கம். வடக்கு டகோட்டா மாநிலத்திலோ வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது.

'வோட்' என்பதன் வேர் 'வோட்டும்' என்ற லத்தீன் சொல். நேர்ந்துகொள்வது என்று பொருள். 18 வயது என்ற வரம்பு 1971இல் வந்த 26ஆம் அரசியல் சட்டத் திருத்தம் தந்தது. இந்தப் புள்ளிவிவரங்களில் வரும் 'கவுண்டி' என்பது மாநிலத்தின் உட்பிரிவு; பிரபு ஒருவரின் ஆட்சிப் பகுதியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பிரபுக்களே இல்லாத நாட்டிலும் பெயர் நிலைத்துவிட்டது! மாவட்டம் என்றும் எழுதலாம், குழப்பமில்லை.

இந்தத் தொகைக்கும் மொத்த மக்கள்தொகைக்கும் உள்ள இடைவெளி கவுண்டிக்குக் கவுண்டி மாறும். 67 கவுண்டிகள் கொண்ட புளோரிடாவையே பாருங்கள். சம்டர் கவுண்டியில் ஓய்வுபெற்றோர் குடியேறிய 'தி வில்லேஜஸ்' என்ற குடியிருப்பு இருக்கிறது; மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். குழந்தைகள் குறைவு, ஆகவே ஏறக்குறைய எல்லோரும் இந்தத் தொகையில் வந்துவிடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் 27 லட்சம் பேரைக் கொண்டிருந்த மயாமி-டேட் கவுண்டியில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் குடியுரிமை பெற்றவர்களும் ஏராளம். பெறாதவர்கள் தொகையிலிருந்து கழிந்துவிடுவார்கள். பத்தாண்டுக் கணக்கெடுப்பு குடியுரிமையைக் கேட்பதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் ஐந்தாண்டு விவரங்களைத் திரட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். அதனால் சிறிய கவுண்டிகளின் எண்களில் பிழை வரம்பு அதிகம்.

'வாக்குரிமை பெற்ற குடிமக்கள்' என்ற மொழிபெயர்ப்பும் சரிவராது. புளோரிடாவின் யூனியன் கவுண்டியில் சுமார் 16,000 பேர்தான். அங்கேயே பெரிய சிறை ஒன்று. கைதிகள் சிறை இருக்கும் கவுண்டியின் மக்களாகவே எண்ணப்படுவதால் இந்தத் தொகையிலும் இடம் பெறுகிறார்கள். ஆனால் கடுங்குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிப்பவர் அம்மாநிலத்தில் வாக்களிக்க முடியாது. மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களிலோ சிறையிலிருந்தும் வாக்களிக்கலாம். அத்தகைய தடைகளையும் கழித்து வரும் எண்ணுக்கு 'வோட்டிங் எலிஜிபிள் பாப்புலேஷன்' என்று தனிப்பெயர் உண்டு. 'வாக்களிக்கத் தகுதியுள்ளோர்' என்பதை அதற்கு ஒதுக்கிவிட்டு, முன்னதை 'வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள்' என்றே எழுதலாம்.