ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கும் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “அப்பத்தா காலத்து ஜாடி, நூறு வருஷம் இருக்கும்.” இருக்கலாம். ஆனால் வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. நூறு வருஷம் என்பதும் பல சமயம் ஐம்பதாகத்தான் இருக்கும்.

மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்று இருக்கும் ஊறுகாய் ஜாடியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1835 வாக்கில் வந்த மெருகுப் பூச்சு அது. உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா போன்ற ஊர்களில் ஜாடிகள் இன்றும் உற்பத்தியாகின்றன. அதனால் நிறத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஜாடியைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி விளிம்பைப் பாருங்கள். வருஷக்கணக்கில் தரையில் இழுபட்டிருந்தால் தேய்மானம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக, மெல்லிய கோடுகளோடு தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலையோ என்று சந்தேகப்படலாம்.

தட்டு, கோப்பைகளுக்கு முத்திரைதான் சாட்சி. அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக அதற்குப் பிந்தையது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் இருபதாம் நூற்றாண்டு. ‘நிப்பான்’ என்பது பொதுவாக 1921 வரை, அதன்பின் ‘ஜப்பான்’. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று அச்சிட்ட கோப்பை 1949க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தார் என்று யார் சொன்னாலும் சரி. நாட்டின் பெயரே இல்லாததால் மட்டும் மிகப் பழசு என்றும் முடிவுகட்டாதீர்கள். அப்புறம், முத்திரையில் ஓர் ஆண்டு இருந்தால் அது பெரும்பாலும் கம்பெனி தொடங்கிய ஆண்டு. அதைச் செய்த ஆண்டாக நினைத்து விலை கேட்பவர்கள் நிறைய.

ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் என்று கொண்டுவரும் கிண்ணத்தில் காந்தம் ஒட்டினால் அது எனாமல், உள்ளே இரும்பு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்த சுவீடனின் கோக்கும்ஸ் எனாமல் பாத்திரங்களைத் தேடி வாங்க ஆள் இருக்கிறார்கள். அதனால் ஏமாற்றம் வேண்டாம், விலைக் கணக்குதான் வேறு.

பீங்கானில் விலையை அடித்துப்போடுவது விரிசல். விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். ஒட்டிப் பூசிய இடங்களைக் கண்டுபிடிக்க, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள், பல சமயம் தனியாகத் தெரியும். மூடியும் முக்கியம். மூடி இல்லாத ஜாடிக்கு நான் பாதி விலைகூடச் சொல்வதில்லை. மூடியை மட்டும் உடைத்துவிட்டு ஜாடியைப் பத்திரப்படுத்துகிற வீடுகள்தான் அதிகம், என்ன செய்வது!

விற்கும் முன் பளபளக்கட்டும் என்று ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். பொன் விளிம்புள்ள தட்டைப் புளி போட்டுத் தேய்த்தால் விளிம்பே போய்விடும். நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

விற்காமல் வீட்டில் புழங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்ணப் பூச்சுகள் பலவற்றில் ஈயம் உண்டு. புளிப்பும் உப்பும் அதைக் கரைத்து இழுக்கும். உள்பக்கம் நுண்ணிய வெடிப்பு ஓடிய, எங்கே செய்தது என்று தெரியாத வண்ணப் பாத்திரத்தில் எலுமிச்சை ஊறுகாய் போடாதீர்கள். அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

உண்மையிலேயே நூறு வருஷம் கடந்த பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அப்படிப்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்பவருக்கு உரிமமும் வேண்டும். அதற்கு வயது குறைந்த பொருளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவதானாலும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாட வேண்டியிருக்காது.