நூறு பேர் ரிப்போர்ட் அடிக்க வேண்டாம்

போன வாரமும் ஒருவர் வந்தார். தங்கையின் அந்தரங்கப் படத்தை யாரோ போலிக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த இரவே, அந்த லிங்க்கை மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருக்கிறார். பங்காளிகள் குரூப், பத்தாம் வகுப்பு குரூப், தெரு குரூப். "எல்லாரும் உடனே ரிப்போர்ட் அடிங்க, நம்ம வீட்டுப் பிள்ளை." அந்தச் செய்தியை யார் யார் படித்தார்கள் என்று திறந்து காட்டினார். பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. தங்கை என் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூறு பேர் ரிப்போர்ட் பண்ணினா தூக்கிருவாங்கன்னு யூடியூப்ல சொன்னாங்க மேடம்."

சைபர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். இந்த மாதம் இதே வசனத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

தூக்க மாட்டார்கள். ஒரு பதிவை நூறு பேர் ரிப்போர்ட் செய்தாலும் பார்க்கப்படுவது ஒன்றுதான்: அது தளத்தின் விதியை மீறுகிறதா? முதலில் மென்பொருள் பார்க்கிறது, அதனால் முடிவு செய்ய முடியாததை ஆள் பார்க்கிறார். எண்ணிக்கைதான் கணக்கு என்றால், பெரிய ஹீரோக்களின் ரசிகர் படைகள் எதிரணியின் டிரெய்லரை முதல் நாளே தூக்கியிருக்காதா? நூறு பேரைக் கூப்பிட்டதில் நடந்தது, பார்க்காத நூறு பேர் பார்த்ததுதான். அதிலும் பாதிப் பேர் அவசரத்தில் 'ஸ்பேம்' என்று அழுத்தியிருப்பார்கள்.

எந்தத் தலைப்பில் புகார் போகிறது, யாரிடமிருந்து போகிறது என்பதுதான் முக்கியம். படத்தில் உடை இல்லை என்பதை மென்பொருள் கண்டுபிடித்துவிடும். சம்மதம் இல்லை என்பதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதைப் படத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். வயது வந்தோர் படங்களை அனுமதிக்கும் தளங்களில் இந்த ஒரு வரிதான் எல்லாம். 'அனுமதியின்றிப் பகிர்ந்த அந்தரங்கப் படம்' என்ற தலைப்பைத் தேடுங்கள். கூடவே, அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் போதும் என்று 2021-இல் வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளே சொல்லிவிட்டன; அப்போது அதிகபட்சக் கெடு 24 மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். (எழுதி வைத்தபடியே எல்லாம் நடந்தால் எனக்கு என்ன வேலை? 2025-இல் ஒரு பெண் வழக்கறிஞரே தன் படங்களை நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.)

அடுத்த கோபம். அப்பா திட்டுவார் என்று பிள்ளைகள் போனில் இருந்த படம், சாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறார்கள். சாட்சியும் போச்சு, மருந்தும் போச்சு. மருந்து என்று நான் சொல்வது 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளத்தை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண்தொடர் மட்டும் உருவாகி, சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் எல்லாம் அதில் உண்டு. அதே படத்தை யாராவது ஏற்றினால் எண்தொடரை வைத்தே பிடித்துவிடலாம். ஆனால் எண்தொடர் எடுக்கப் படம் உங்களிடம் இருக்க வேண்டுமே! நிறைய வெட்டி மாற்றிய படத்துக்குத் தனியாக இன்னொன்று எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் சாட்டுக்குள் ஓடும் படத்தை இது எட்டாது.

இதெல்லாம் பதினெட்டு வயது ஆனவர்களுக்கு. படத்தில் இருப்பது சிறுவர் என்றால் கதையே வேறு. "விழிப்புணர்வுக்காக" பார்வர்ட் செய்தாலும் சிறுவர் ஆபாசப் படம் பரப்புவதைத் தண்டிக்கும் ஐடி சட்டத்தின் 67பி பிரிவு உங்கள் மேல்தான் பாயும். போனில் வைத்திருந்தது மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. யாருக்கும் அனுப்பாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், போலீஸுக்குப் போங்கள். பிள்ளைகளின் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனிச் சேவை இருக்கிறது.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். முதலில் பதிவின் முழு முகவரியையும் கணக்கின் யூசர்நேமையும் குறித்து வையுங்கள். மேலே தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடுவான். தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் ரிப்போர்ட். மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். மிரட்டுகிறவனுக்குப் பத்து பைசா அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி கேட்பான்.

அண்ணன் பேசி முடித்த பிறகுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள். "அந்த குரூப்புகள்ல இருந்து எடுக்க முடியுமா மேடம்?" அனுப்பியவரே எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் கொடுக்கிற அவகாசம் ஏறக்குறைய இரண்டு நாள். அவர்கள் வந்தது நான்காம் நாள்.