உள்ளரங்கக் கால்பந்து வாகையர் போட்டி: சொல் விளக்கம்

பெங்களூரு அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், தெருவோரத்தில் பெலேயின் சிலை நிற்கிறது. தமிழர் நிறைந்த அந்தப் பகுதியில் கால்பந்துப் போட்டி அறிவிப்பு ஒட்டப்படாத சுவரைக் காண்பது அரிது. அண்மையில் அங்கே ஒரு சுவரில், பச்சை மையால் கையெழுத்தில் எழுதிய தாள் ஒன்றில் ‘புட்சல் போட்டி’ என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்க வரும் சிறுமி ஒருத்தி அதை எழுத்துக்கூட்டி ‘புட்ச்சல்’ என்று படித்துவிட்டு, “புட்ச்சல்னா என்ன சார்?” என்று கேட்டாள். கூரைக்கடியில் அணிக்கு ஐவராக ஆடும் கால்பந்து வகையான ‘ஃபுட்சல்’ (futsal) என்பதைத்தான் அந்தத் தாள் குறித்தது. ஆனாலும் அவள் படித்ததில் பிழையே இல்லை. ‘காட்சி’, ‘ஆட்சி’, ‘மாட்சி’ ஆகிய சொற்களில் டகர மெய்யை அடுத்து வரும் சகரம் எப்படி அழுத்தமாக ஒலிக்கிறதோ, அப்படித்தான் இங்கும் ஒலிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகப் படித்தால் அந்தச் சொல் ‘புட்ச்சல்’ ஆவதைத் தவிர வேறு வழியில்லை. ஆய்த எழுத்தை முன்னால் சேர்த்து ‘ஃபுட்சல்’ என்று எழுதினாலும் முதல் ஒலி திருந்துமே தவிர, நடு ஒலி திருந்தாது. ஒலிபெயர்ப்பு இவ்வளவு தடுமாறும்போது, பொருளை உணர்த்தும் தமிழ்ச்சொல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்படுகிறது. ஆசியக் கண்டத்து நாடுகள் மோதும் ‘ஃபுட்சல் சாம்பியன்ஷிப்’ போட்டியின் பெயரையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

முதலில் ‘ஃபுட்சல்’ என்னும் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். போர்த்துகீசிய மொழியில் ‘ஃபுட்டெபோல் தெ சலாவ்ன்’ என்றும், எசுப்பானிய மொழியில் ‘ஃபுட்போல் சலா’ என்றும் வழங்கிய தொடர்களின் முதற்பகுதிகளை ஒட்டிச் சுருக்கியதே ‘ஃபுட்சல்’. ‘சலா’ என்றால் கூடம். உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில், 1930-ஐ ஒட்டிய காலத்தில், ஒய்.எம்.சி.ஏ.-வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இந்த ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். முதல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த நகரம் அது. அதை வென்றதும் உருகுவேதான். சிறுவர்கள் எங்கும் பந்தை உதைத்துக்கொண்டிருந்த அந்த ஊரில், கூரைக்கடியில் ஆடத்தக்க ஒரு வடிவத்தை அவர் உருவாக்கினார். அணிக்கு ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்து பெற்றார். கைப்பந்து (ஹேண்ட்பால்), நீர்ப்பந்து (வாட்டர் போலோ) ஆகியவற்றின் விதிகளும் அவருக்கு உதவின.

‘சலா’ என்பதைக் கண்டதும் நம்முடைய ‘சாலை’யை நினைக்கத் தோன்றும். பாடசாலை, தொழிற்சாலை என்னும் சொற்களில் இடத்தையும் கூடத்தையும் குறிக்கும் சாலை, வடமொழி ‘சாலா’வின் வழி வந்தது, ஐரோப்பியச் ‘சலா’வோ ஜெர்மானியக் கிளையிலிருந்து லத்தீன் வழி மொழிகளுக்குள் புகுந்தது. ஒலி ஒத்திருப்பதை உறவென்று கொள்ளக்கூடாது. தவிரவும், இன்று ‘சாலைக் கால்பந்து’ என்று எழுதினால் தெருவில் ஆடுவதைத்தான் எவரும் எண்ணுவர்.

நேர்ப்பொருள் தரும் சொல் ‘கூடம்’. ஆனால் ‘கூடக் கால்பந்து’ என்னும்போது, ‘அதுகூட’ என்பதில் உள்ள ‘கூட’ குறுக்கே வருகிறது. ‘கூடப்பந்து’ என்று சுருக்கினால் ‘கூடைப்பந்து’ என்றே கண் படித்துவிடும். ‘ஐவர் கால்பந்து’ என்பது சுவரொட்டிகளில் பழகிய பெயர். ஐவர் பூப்பந்து, எழுவர் கால்பந்து என்பவற்றின் வரிசையில் அது இயல்பாகவே அமைகிறது. எனினும் பார்வையற்றோர் ஆடும் கால்பந்தும் ஐவர் ஆட்டமே. பெங்களூரின் மொட்டைமாடிகளில் வலைக்கூண்டுக்குள், செயற்கைப் புல்லின்மேல், வாடகைக்கு மணிக்கணக்கில் ஆடப்படும் ‘டர்ஃப்’ ஆட்டமும் பெரும்பாலும் ஐவர் ஆட்டமே. எண்ணிக்கையை மட்டும் சொல்லும் பெயர், ஆட்டத்தின் தன்மையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அந்தத் தன்மை பந்தில் இருக்கிறது, தரையில் இருக்கிறது, கோட்டிலும் இருக்கிறது. ஃபுட்சல் பந்து வழக்கமான பந்தைவிடச் சிறியது. சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் எழுச்சி 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே பந்து துள்ளி ஓடாமல் காலடியிலேயே கிடக்கிறது. பாதத்தின் அடிப்பகுதியால் அதை உருட்டி நிறுத்தும் கலை இந்த ஆட்டத்துக்கே உரியது. ஆடுகளம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே போனதாகவே கொள்ளப்படும். காலால் உதைத்து உள்ளே அனுப்ப நான்கு நொடிகளே உண்டு. வட அமெரிக்காவில் வழங்கும் மற்றோர் உள்ளரங்க ஆட்டத்தில் பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். அங்கே எல்லை சுவர், இங்கே எல்லை கோடு.

இவ்விடத்தில்தான் ‘அரங்கு’ என்னும் பழஞ்சொல் கைகொடுக்கிறது. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று தொடங்கும் குறளில், அரங்கு என்பது காய் ஆடுவதற்காகக் கட்டமிட்டு வரைந்த இடம். கூரை பின்னாளில் சேர்ந்தது. கோடு இழுத்து வரையறுத்த ஆடுமிடம் என்பதே அங்குள்ள பொருள். ‘உள்’ என்பதை முன்னால் சேர்க்கும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து ‘உள்ளரங்கம்’ ஆகிறது. கோட்டையும் கூரையையும் ஒருங்கே சுட்டுவதால் ‘உள்ளரங்கக் கால்பந்து’ என்பதே இந்த ஆட்டத்துக்கு மிகப் பொருத்தம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கன்னடத்தில் உள்விளையாட்டரங்கை ‘ஒளாங்கண’ என்னும் சொல்லால் குறிக்கிறார்கள். அதிலுள்ள ‘ஒள’வும் நம் ‘உள்’ளும் ஒன்றே என்பதால், இந்த ஊரில் இச்சொல்லைப் புரியவைப்பதும் எளிது.

அடுத்தது ‘சாம்பியன்ஷிப்’. களம் என்று பொருள்படும் லத்தீனச் சொல் ‘கம்புஸ்’. அதிலிருந்து களத்தில் நின்று பொருபவன் என்னும் பொருளில் ‘கம்பியோ’ தோன்றி, அதுவே ‘சாம்பியன்’ ஆயிற்று. தமிழில் இதற்கு ‘வாகையர்’ என்பதை ஆள்வது வெறும் அலங்காரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். தொல்காப்பியம் வாகைத் திணையைப் போர் வெற்றிக்கு மட்டும் உரியதாக்கவில்லை. அவரவர் தத்தம் துறையில் பிறரினும் மேம்பட்டு நிற்பதையே வாகை என்கிறது. விளையாட்டு வெற்றிக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் அறியேன். ‘வாகையர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், 2015-இல் மலேசியாவில் தொடங்கிய ஆசிய மகளிர் போட்டிக்கும் அது மாற்றமின்றிப் பொருந்துகிறது.  

‘கண்டம்’ என்பதில் சிறிய இடர் உண்டு. ‘கான்டினென்ட்’ என்பதன் மூலப்பொருள் இடையறாது தொடரும் நிலம். ‘கண்டம்’ என்பதன் மூலப்பொருளோ துண்டு. ஒரே நிலப்பரப்பை ஒரு மொழி சேர்த்துப் பார்த்தது, மற்றொன்று பிரித்துப் பார்த்தது. ‘கண்டப் போட்டி’ என்று எழுதினால் ‘நீரில் கண்டம்’ என்னும் சோதிட வழக்கும் நினைவுக்கு வரும். ஆகவே கண்டத்தின் பெயரையே முன்னால் வைத்து, ‘ஆசிய’ என்று தொடங்குவது தெளிவு.

அந்த ஆசியப் போட்டி 1999-இல் கோலாலம்பூரில் முதன்முதலாக நடந்தது. 2008 வரை ஆண்டுதோறும் நடந்து, 2010 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை என்றானது. 2020-ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 2024 வரை நடந்த 17 போட்டிகளில் ஈரான் 13 முறையும் ஜப்பான் 4 முறையும் வென்றன. மூன்றாவதாக ஒரு நாட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியத் தேசிய அணி 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானில் நடந்த தகுதிச் சுற்றில்தான் இப்போட்டிக்காக முதன்முதலாகக் களம் இறங்கியது.

2018 வரை ‘சாம்பியன்ஷிப்’ என்றிருந்த பெயர், 2022-இல் குவைத்தில் நடந்தபோது ‘ஆசியக் கோப்பை’ என்று மாறியிருந்தது. தமிழில் எழுதுவோர் இந்த வேறுபாட்டைப் பேண வேண்டும். 2018 வரையிலான போட்டிகளுக்கு ‘ஆசிய உள்ளரங்கக் கால்பந்து வாகையர் போட்டி’ என்றும், அதன் பின்னவற்றுக்கு ‘ஆசிய உள்ளரங்கக் கால்பந்துக் கோப்பை’ என்றும் எழுதலாம். கட்டுரையில் முதல் முறை வரும்போது மட்டும் ‘ஃபுட்சல் எனப்படும்’ என்று சேர்த்துக்கொண்டால், தேடிப் படிப்போருக்கும் உதவும்.

அந்தச் சிறுமிக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ‘உள்ளரங்கக் கால்பந்து’ என்று பலகையில் எழுதிக் காட்டினேன். தடங்கலின்றி ஒரே மூச்சில் படித்தாள்.